படக்கோப்புகளை வடிவம் மாற்றுதல்

ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த ஆண்டுக்குரிய காலண்டர்களின் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி அச்சகத்தாரிடையே நிலைத்துவிட்ட சம்பிரதாயம். அன்று தொடங்கி மார்கழி முடியும் வரை, ஜவுளிக் கடைக்காரர், நகைக் கடைக்காரர், மளிகை வியாபாரி, அரசியல் பிரமுகர் என்று பலதரப்பட்டவர்களும் தத்தம் பெயரும் படமும் பொறித்த காலண்டர் வேண்டி அனுப்பும் கோப்புகள் அந்நகரின் டிசைன் கூடங்களில் வந்து குவிகின்றன. தீபாவளிக்கு முந்திய மாதங்களிலோ, பட்டாசுப் பெட்டிகளுக்கும் புஸ்வாணக் குழல்களுக்கும் வேண்டிய லேபிள் வேலையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வாறு வருகின்றவற்றுள் நேரே அச்சுக்குப் போகத் தகுந்தவை சொற்பம். ஒருவர் ஐபோனில் எடுத்த படம் ஹெய்க் வடிவில் வருகிறது. இன்னொருவர் இணையத்திலிருந்து இறக்கிய சாமி படம் வெப்பி வடிவில் வருகிறது. மூன்றாமவர் தம் கடையின் முத்திரையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "இதையே பெரிதாகப் போட்டுவிடுங்கள், தம்பி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுகிறார்.

இக்கோப்புகளை ஃபோட்டோஷாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து, வேறு வடிவில் சேமித்து, மூடி, அடுத்ததைத் திறந்து என்று பொழுதைக் கழிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம், கணினி என்னும் யந்திரம் எந்தக் காரியத்திற்காக ஏற்பட்டதோ அந்தக் காரியத்தை மனிதனே செய்துகொண்டிருக்கிறானே என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இருநூறு படங்களை ஒரே வரிக் கட்டளையால் மாற்றித் தரக்கூடிய சாதனம் ஒன்று, விலை ஏதுமின்றி எவரும் எடுத்தாளும் வண்ணம், நெடுங்காலமாகவே இருந்துவருகிறது. அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் பணியாற்றிய ஜான் கிறிஸ்டி என்பவர் 1987-இல் எழுதத் தொடங்கி, 1990 ஆகஸ்டு மாதம் பொதுவில் வெளியிட்ட இமேஜ்மேஜிக் என்பதே அது. இதற்குப் பொத்தான்களும் பட்டியல்களும் நிறைந்த திரை அவசியமில்லை. டெர்மினல் அல்லது கமாண்ட் பிராம்ப்ட் எனப்படும் கறுப்புச் சாளரத்தில் எழுத்தால் இடும் கட்டளையே போதும். அச்சாளரத்தைக் கண்டு மிரளுகிறவர்கள், அது நாம் எழுதியதைத் தவிர வேறெதையும் செய்யாது என்ற ஒன்றை மனத்தில் கொண்டால் மிரட்சி நீங்கும்.

இவ்வத்தியாயத்தில் கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழிலேயே அச்சிட்டிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடவேண்டும். கோப்பின் பெயர் மாத்திரம் தமிழில் இருப்பினும் பாதகமில்லை. பெயருக்கு இடையே இடைவெளி விட்டிருந்தால் முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். மிக எளிய கட்டளை இதுதான்:

மேஜிக் லேபிள்.பிஎன்ஜி லேபிள்.டிஃப்

முதலில் கருவியின் பெயர், அடுத்து இருக்கும் கோப்பு, இறுதியில் வேண்டும் கோப்பு. வேண்டும் வடிவம் இன்னதென்பதை இறுதிப் பெயரின் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளிலிருந்து கருவி தானே அறிந்துகொள்கிறது. கோப்பின் பெயரில் அவ்வெழுத்துகளை மட்டும் கையால் திருத்திவிட்டு "மாற்றிவிட்டேன்" என்று கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெயர்மாற்றமேயன்றி வடிவமாற்றம் ஆகாது, உள்ளே இருக்கும் சரக்கு பழைய சரக்கே. பழைய கையேடுகளில் 'மேஜிக்' என்பதற்குப் பதில் 'கன்வர்ட்' என்ற சொல்லைக் காணலாம். விண்டோஸ் கணினியில் அச்சொல்லை ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். ஏனெனில் அதே பெயரில் விண்டோஸுக்குச் சொந்தமான வேறொரு கட்டளை உண்டு, அது வட்டின் கோப்பு அமைப்பையே மாற்றுவதற்கு ஏற்பட்டது. 2016-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் 'மேஜிக்' என்பதே முறையான சொல்.

மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் பாதி விபத்துகள் ஒழிந்துபோகும். 'மேஜிக் ஐடென்டிஃபை' என்று எழுதிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அதன் உண்மையான வடிவம் எது, அகலமும் உயரமும் எத்தனை பிக்ஸல், வண்ணமுறை திரைக்குரிய ஆர்ஜிபியா அச்சுக்குரிய சிஎம்ஒய்கேயா என்பவற்றை ஒரே வரியில் சொல்லிவிடும். அதே கட்டளையில் '-வெர்போஸ்' என்று சேர்த்தால், கோப்பினுள் பொதிந்துள்ள வண்ணப் புரொஃபைல் முதல் படம் எடுத்த தேதி வரை சகல விவரங்களும் வந்துவிழும். டிஃப் என்று பெயர் தாங்கி வந்த கோப்பு உள்ளே ஜேபெக்காக இருப்பதும், பிரம்மாண்டமான அளவுள்ளதாகச் சொல்லப்பட்டது 640 பிக்ஸலுக்குள் அடங்கிவிடுவதும் இந்தப் பரீட்சையில்தான் வெளிப்படும்.

இனி, எதிலிருந்து எதற்கு மாற்றலாம் என்னும் பிரதானமான விஷயத்திற்கு வருவோம். 1992-இல் நியமமாக ஏற்கப்பட்ட ஜேபெக், கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்களை உதறிவிட்டுக் கோப்பைச் சுருக்குவது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் மேலும் சிறிது உதறும். டிஃப், பிஎன்ஜி ஆகிய இரண்டும் சுருக்கினாலும் ஒரு பிக்ஸலையும் இழக்காதவை. ஆயினும் பிஎன்ஜி திரைக்கென்றே பிறந்தது, அதற்குச் சிஎம்ஒய்கே தெரியாது. ஆகவே அச்சுக்குச் செல்லும் இறுதிக் கோப்புக்கு டிஃப்பே தக்கது. வாடிக்கையாளர் அனுப்பிய ஜேபெக்கை டிஃப் ஆக்குவதால் அதன் தரம் உயர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: ஆலையில் பிழிந்த சக்கையைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்தாலும் அது கரும்பாகாது. அவ்வாறு மாற்றுவதில் உள்ள ஒரே பிரயோஜனம், இனிமேல் செய்யும் திருத்தங்களால் மேற்கொண்டு நஷ்டம் நேராது என்பதே. அதற்காகவேனும் மாற்றுவது நல்லது.

ஜேபெக்காகவே தரவேண்டிய நிர்ப்பந்தம் நேருமானால், பட்டாசு லேபிள்களைப் பொறுத்தவரை விசேஷமான ஜாக்கிரதை தேவை. சிவப்பு எழுத்தும் மஞ்சள் பின்னணியும் நம் பட்டாசு லேபிள்களின் ஜீவநாடி. லட்சுமி வெடியின் உறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜேபெக்கோ, ஒளியின் ஏற்றத்தாழ்வை நுணுக்கமாகக் காத்து, நிறத்தின் ஏற்றத்தாழ்வை நான்கு பிக்ஸலுக்கு ஒன்றாகச் சராசரி செய்துவிடும் சுபாவம் உடையது. மனித முகத்தில் இது தெரியாது. சிவப்பும் மஞ்சளும் சந்திக்கும் எழுத்தின் ஓரத்திலோ அழுக்குப் படிந்தாற்போல் ஒரு கசிவு தோன்றிவிடும். இதைத் தடுக்க இரண்டு குறிப்புகளைக் கட்டளையில் சேர்க்க வேண்டும்:

மேஜிக் லேபிள்.டிஃப் -சாம்ப்ளிங்-ஃபேக்டர் 4:4:4 -குவாலிட்டி 95 லேபிள்.ஜேபிஜி

குவாலிட்டி என்பது 1 முதல் 100 வரை செல்லும் அளவு. அது சதவீதமன்று என்பதையும், நூறு என்று கொடுத்தாலும் ஜேபெக் சிறிதளவு இழக்கவே செய்யும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அளவைப் பற்றிய குழப்பம் இத்தொழிலில் நீங்காத ஒன்று. ஆஃப்செட் அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்ஸல் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. 10 அங்குல அகலமும் 15 அங்குல உயரமும் உள்ள காலண்டர் அட்டைக்கு, வெட்டுக்கு விடும் ஓரம் நீங்கலாக, 3,000-க்கு 4,500 பிக்ஸல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமோ நீண்ட பக்கத்தில் சுமார் 1,600 பிக்ஸலாகக் குறுக்கப்பட்டே வந்துசேர்கிறது. அது சுமார் ஐந்தேகால் அங்குலத்திற்கு மேல் தாங்காது. '-டென்சிட்டி 300' என்று கட்டளையில் எழுதினால் படம் 300 ஆகிவிடும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு கோப்பின் நெற்றியில் ஓர் எண்ணை எழுதுமேயன்றி, ஒரு பிக்ஸலையும் புதிதாகப் படைக்காது. '-ரீசைஸ்' என்பது பிக்ஸல்களைக் கூட்டும்; கூட்டிய பிக்ஸல்கள் அக்கம்பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்து ஊகித்து எழுதியவை. வாடிக்கையாளரிடம் பேசி, படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும்படி கேட்டுக்கொள்வதே எந்தக் கட்டளையைக் காட்டிலும் உத்தமமான பரிகாரம் என்பது என் அபிப்பிராயம். கைபேசிப் படம் பக்கவாட்டில் படுத்துக்கொண்டால் '-ஆட்டோ-ஓரியன்ட்' என்ற குறிப்பு அதை நிமிர்த்திவிடும்.

பின்னணி நீக்கிய தெய்வ உருவங்கள் பெரும்பாலும் பிஎன்ஜியில் வருகின்றன. ஜேபெக்குக்கு ஒளிபுகும் தன்மை கிடையாது. ஆகையால் அப்படியே மாற்றினால் பிள்ளையாரைச் சுற்றிக் கரிய இருள் சூழ்ந்துகொள்வது வழக்கம். '-பேக்கிரவுண்ட் ஒயிட் -ஆல்ஃபா ரிமூவ்' என்று இடையில் சேர்த்தால் வெண்மை நிரம்பும். டிஃப் ஒளிபுகும் தன்மையைத் தாங்கும். அதற்கு இக்கவலை இல்லை.

வண்ணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் சிவகாசியின் அச்சுத்தொழில் வண்ணத்தினாலேயே பெயர் பெற்றது. 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியால் அத்தொழில் அவ்வூரில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்ற தேவையின் வழியே அச்சுத்தொழிலும் தழைத்தது. கல்லச்சுக் காலத்தில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில், வரைஞரே கையால் புள்ளி புள்ளியாக இட்டு உருவத்தை எழுதினார். எந்தச் சிவப்பு எந்த மஞ்சளின்மேல் விழுந்தால் எந்தக் காவி பிறக்கும் என்னும் ஞானம் அவருடைய விரல்நுனியில் இருந்தது. அருகிலுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே எண்ணற்ற வீடுகளின் சுவர்களை அடைந்தபோது, அவருடைய தூரிகைக்கும் நம் சுவருக்கும் இடையே வண்ணம் பிரித்துத் தந்த அந்தப் பெயர் தெரியாத கைகளும் இருந்தன.

அந்தக் கைகளின் வேலையை இன்று செய்வது ஐசிசி புரொஃபைல் என்னும் சிறு கோப்பு. இன்ன காகிதத்தில் இன்ன மை விழுந்தால் இன்ன நிறம் தோன்றும் என்ற விவரம் அதில் அட்டவணையாக அடங்கியிருக்கிறது. இமேஜ்மேஜிக்கில் '-கலர்ஸ்பேஸ் சிஎம்ஒய்கே' என்று எழுதினாலும் ஆர்ஜிபி படம் சிஎம்ஒய்கே ஆகிவிடும். ஆனால் அது மையின் குணமோ காகிதத்தின் குணமோ அறியாத வெறுங்கணக்கு. அவ்வாறு மாற்றிய படத்தில் முருகனின் மேனியும் மயிலின் கழுத்தும் எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. முறையான வழி, இரண்டு புரொஃபைல்களை வரிசையாகக் கொடுப்பது:

மேஜிக் முருகன்.டிஃப் -புரொஃபைல் எஸ்ஆர்ஜிபி.ஐசிசி -புரொஃபைல் அச்சகம்.ஐசிசி -கம்ப்ரெஸ் எல்இசட்டபிள்யூ முருகன்-அச்சு.டிஃப்

முதல் புரொஃபைல் படம் எங்கிருந்து வருகிறது என்பதையும், இரண்டாவது எங்கே போகிறது என்பதையும் சொல்கின்றன. இறுதியில் வரும் 'கம்ப்ரெஸ்' குறிப்பு டிஃப்பை இழப்பின்றிச் சுருக்குவதற்கு. கோப்பினுள் ஏற்கெனவே ஒரு புரொஃபைல் பொதிந்திருந்தால் இரண்டாவது மட்டுமே போதும். 'அச்சகம்.ஐசிசி' என்று குறித்த இடத்தில் எந்தக் கோப்பை இடுவது என்பதை அச்சகத்தாரிடமே கேட்டறிய வேண்டும். பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39 என்பது பரவலாக வழங்கும் ஒன்று, பூச்சில்லாத மேப்லித்தோவுக்கு அது பொருந்தாது. திரையில் ஜொலிக்கும் கிளிப்பச்சையும் மின்னல் நீலமும் எந்தப் புரொஃபைலைக் கொடுத்தாலும் காகிதத்தில் அப்படியே வாரா. அது மையின் எல்லை. கோப்பின் கனத்தைக் குறைக்க வேண்டி '-ஸ்ட்ரிப்' என்ற குறிப்பைச் சேர்ப்பவர்கள், அது படம் எடுத்த தேதியோடு புரொஃபைலையும் சேர்த்தே துடைத்துவிடும் என்பதை அறிந்து சேர்க்கட்டும்.

வாடிக்கையாளரின் சம்மதத்திற்காகக் கைபேசிக்கு அனுப்பும் பிரதியை மட்டும் இந்தச் சிஎம்ஒய்கே கோப்பாகவே அனுப்பலாகாது. சில கைபேசிகள் அதைத் திறவா, வேறு சில விபரீதமான நிறங்களில் காட்டும். அதற்கென்று திரைக்குரிய எஸ்ஆர்ஜிபிக்குத் திருப்பிய சிறிய ஜேபெக் ஒன்றைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வண்ணமாற்றத்திற்கு உட்படுத்தக் கூடாதவையும் உண்டு. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசுகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து, 2019-இல் அறிமுகமான பசுமைப் பட்டாசுகளின் பெட்டிகளில் சி.எஸ்.ஐ.ஆர்.–நீரி நிறுவனத்தின் இலச்சினையும் க்யூஆர் குறியும் இடம்பெறலாயின. ஆர்ஜிபி கறுப்பைப் புரொஃபைல் வழியாக மாற்றினால் அது நான்கு மைகளின் கூட்டுக் கறுப்பாகிவிடும். நான்கு பிளேட்டுகளுள் ஒன்று தலைமயிர் அளவு விலகினாலும் க்யூஆர் குறியின் கட்டங்கள் வண்ண நிழல் படிந்து நிற்கும், பொடி எழுத்தில் அச்சிடும் எச்சரிக்கை வாசகமும் அவ்வாறே கெடும். ஆகவே இவ்விரண்டையும் கறுப்பு மை ஒன்றிலேயே, படத்தோடு கலக்காமல், கோரல்டிராவிலோ இன்டிசைனிலோ தனி அடுக்காக வைப்பதே விவேகம். சிறியதாக வந்த க்யூஆர் குறியைப் பெரிதாக்க நேர்ந்தால் 'ரீசைஸ்' வேண்டாம், அது ஓரங்களை மழுக்கும். '-சாம்பிள் 400%' என்பது ஒவ்வொரு கட்டத்தையும் கூர்மை குன்றாமல் நான்கு மடங்காக்கும். ஜேபெக்கின் பக்கம் இக்குறியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

பல கோப்புகளை ஒருங்கே மாற்றுவதற்கு 'மாக்ரிஃபை' என்ற துணைக் கட்டளை இருக்கிறது. இச்சாதனத்தின் பெருமையும் ஆபத்தும் ஒருங்கே குடிகொண்டுள்ள இடம் இது. வடிவம் மாற்றாமல் அளவை மட்டும் மாற்றும்படி அதனிடம் சொன்னால், மூலக்கோப்பின்மேலேயே எழுதிவிடும். கேள்வி கேட்காது, குப்பைத்தொட்டியிலும் இடாது. ஆகையால் 'முடிந்தவை' என்று ஒரு கோப்புறையை முன்னதாகவே உண்டாக்கிக்கொண்டு, அதன் பெயரைக் கட்டளையிலேயே எழுதிவிட வேண்டும்:

மேஜிக் மாக்ரிஃபை -பாத் முடிந்தவை -ஃபார்மட் டிஃப் -கம்ப்ரெஸ் எல்இசட்டபிள்யூ *.பிஎன்ஜி

நட்சத்திரக் குறி, அந்தக் கோப்புறையிலுள்ள பிஎன்ஜி அனைத்தையும் குறிக்கும். மூலக்கோப்புகள் இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். முதலில் மூன்று நான்கு கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்து அவற்றின்மீது ஓட்டிப் பார்த்த பின்பே முழுத்தொகுதியின்மீது ஓட்டுவது உசிதம்.

பிடிஎஃப் கோப்பைப் படமாக்க, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு நிரல் கணினியில் இருந்தாக வேண்டும். இங்கே '-டென்சிட்டி 300' என்பது மூலக்கோப்பின் பெயருக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வந்தால் பக்கம் 72 என்ற அற்ப அளவிலேயே வரையப்பட்டுவிடும். முன்னே சொன்ன அதே குறிப்பு இவ்விடத்தில் மட்டும் மெய்யாகவே பிக்ஸல்களை உண்டாக்குகிறது, ஏனெனில் பிடிஎஃப்பின் கோடுகளும் எழுத்துகளும் எந்த அளவிலும் வரையத்தக்கவை. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பில் அடுக்குகள் எல்லாம் தனித்தனிப் படங்களாக வந்து விழாதிருக்க, பெயரை அடுத்துச் சதுர அடைப்புக்குள் 0 என்று இட்டால் ஒன்றுசேர்ந்த படம் மட்டும் கிடைக்கும். கோரல்டிராவின் சொந்தக் கோப்பை இச்சாதனத்திடம் கொடுப்பதில் பயனில்லை. எழுத்துகளைக் கர்வ் ஆக்கிப் பிடிஎஃப் ஆகவே கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிடில் பழைய தமிழ் எழுத்துருக்கள் வேற்றுக் கணினியில் உருத்தெரியாமல் சிதையும்.

பழைய தீப்பெட்டி லேபிள்களையும் பட்டாசு லேபிள்களையும் சேகரித்து வைத்திருப்பவர்கள் விருதுநகர் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவற்றை ஸ்கேன் செய்ய விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. லேபிள் சிறியதாகையால் அங்குலத்திற்கு 600-க்குக் குறையாமல் எடுத்து, டிஃப் ஆகவே வைக்க வேண்டும். கல்லச்சில் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கற்றவை, அவை ஸ்கேனில் தொல்லை தருவதில்லை. ஆஃப்செட் காலத்து லேபிளில் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் நிற்பதால், குறைந்த அளவில் எடுத்தால் ஸ்கேனரின் வரிசையோடு மோதி அலை அலையாகக் கோலம் தோன்றும்; பெரிதாக எடுத்துப் பின்னர் 'ரீசைஸ்' செய்து குறைப்பதே அதற்கு மருந்து. மூல டிஃப்பைத் தொடாமல் வைத்து, பிறருக்குக் காட்டுவதற்கு ஜேபெக் பிரதிகளை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்.

பிளேட் எடுக்க அனுப்புவதற்கு முன் விளைகோப்பின்மீது 'ஐடென்டிஃபை' கட்டளையை மறுபடியும் ஓட்டி, வடிவம் டிஃப் தானா, பிக்ஸல் கணக்கு அட்டையின் அளவுக்குப் போதுமா, வண்ணமுறை சிஎம்ஒய்கே தானா, அச்சகத்தார் சொன்ன புரொஃபைல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிளேட் எடுத்த பிறகு கண்டுபிடிக்கும் பிழைக்கு நான்கு பிளேட்டின் விலையும், தாள் ஓடிய பிறகு கண்டுபிடிக்கும் பிழைக்கு அத்தனை தாளின் விலையும் தண்டமாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.